ஏழேகால் இஞ்ச் மணிக்கட்டு

ஜூலை 8, திங்கள்

டைரியின் முதல் பக்கத்தில் பெயர், தொழில், ரத்த வகை என்று கேட்டிருக்கிறது. பெயர் நாச்சிமுத்து. தொழில் என்ற இடத்தில் ‘டைம் கீப்பர், உடுமலை பேருந்து நிலையம்’ என்று எழுதிவிட்டு, மே 31-ஆம் தேதியே ஓய்வு பெற்றுவிட்டது ஞாபகம் வந்து அடித்துவிட்டேன். ரத்த வகை தெரியவில்லை. முதல் பக்கத்திலேயே பாதி காலி.

எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று முப்பத்தியொரு வருடம் எழுதிய கை. எழுதாமல் இருந்தால் விரல் நமைச்சல் எடுக்கிறது. இனி வீட்டு வரத்துப் போக்கை எழுதலாம் என்றிருக்கிறேன்.

நேற்று கல்யாண மண்டபத்தில் மருத்துவ முகாம். சர்க்கரை பார்க்கப் போன சாந்தாமணி, நாலு பக்கப் படிவம் ஒன்றோடு திரும்பினாள். கோவையில் ஒரு ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆராய்ச்சி செய்கிறார்களாம். கையில் ஒரு வாட்ச் கட்டிவிடுவார்களாம். தூக்கம், நடை, நாடித்துடிப்பு எல்லாவற்றையும் அது குறித்துக்கொண்டே இருக்குமாம். ஏஐ என்ற கம்ப்யூட்டர் மூளை அதையெல்லாம் பார்த்து, ஒருவருக்கு மனச்சோர்வு வரப்போகிறது என்பதை அவருக்கே தெரிவதற்கு முன்னால் கண்டுபிடித்துவிடுமாம். பத்து வாரம் ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு ஒரு ஹாட்பாக்ஸ்.

“உனக்கென்ன புள்ள மனச்சோர்வு? நீ ஊருக்கே குடுப்பியே” என்றேன்.

“ஹாட்பாக்ஸ் நல்லாருக்குதுங்க. மூணு லிட்டரு” என்றாள்.

மதியம் 2.10-க்கு சேரில் கண்ணயர்ந்தேன். 2.50-க்கு விழித்துப் பார்த்தால் என் மணிக்கட்டைச் சுற்றி டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தீபாவளிக்கு முழுக்கைச் சட்டை தைக்கிறாளாம், கப்புக்கு அளவாம். இருபத்தாறு வருடமாக ஜாக்கெட் மட்டும் தைப்பவள். எனக்கு ஒரு கைக்குட்டைக்குக்கூட ஓரம் அடித்துக் கொடுத்ததில்லை. தீபாவளிக்கு இன்னும் நாலு மாதம் கிடக்கிறது. எப்படியோ நல்ல புத்தி வந்தால் சரி.

சாம்பாரில் உப்பில்லை.

ஜூலை 13, சனி

காலை 11.20-க்கு கூரியரில் வாட்ச் வந்தது. கறுப்பு ரப்பர் பட்டை, அடியில் பச்சை விளக்கு. சாந்தாமணி கட்டிக்கொண்டதும் அது வளையல் மாதிரி முழங்கை வரை ஓடியது. கடைசி ஓட்டையில் மாட்டியும் நிற்கவில்லை. பெண்பிள்ளைக்கு என்று தெரிந்தும் இவ்வளவு பெரிதாக ஏன் அனுப்பினார்களோ. இந்த லட்சணத்தில் இவர்கள் மனதை அளக்கப்போகிறார்கள்.

வாட்சோடு அவளுடைய போனில் ஒரு செயலியும் ஏற்ற வேண்டும். தினமும் காலையில் அது ‘இன்று எப்படி உணர்கிறீர்கள்?’ என்று கேட்டு ஐந்து முகம் காட்டுகிறது. முதல் முகம் பல் தெரியச் சிரிக்கிறது, ஐந்தாவது அழுகிறது. ஒன்றை அமுக்கிவிட்டு ஒரு நிமிடம் ஏதாவது பேச வேண்டும், குரலையும் கணக்கில் எடுக்குமாம். சாந்தாமணி முதல் முகத்தை அமுக்கிவிட்டு, எதிர்வீட்டுக்காரி ஜாக்கெட்டுக்குத் துணி குறைவாகக் கொடுத்துவிட்டு மயில் டிசைன் கேட்ட கதையைச் சொன்னாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. செயலியே நிறுத்தச் சொல்லிவிட்டது.

வாட்சுக்கு செக்கிங் இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர்களும் இப்படித்தான், ஒன்றும் பேசாமல் ஏறிக் கூடவே வருவார்கள்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் இல்லை, அதனால் தையலும் மந்தம். அப்படியும் சாந்தாமணி வாட்சைக் கழற்றி மெஷின் மேல் வைத்துவிட்டாள். தைக்கும்போது துணியில் மாட்டுகிறதாம். பத்து மணிக்கு போன் கத்தியது, ‘வாட்ச் அணியப்படவில்லை’ என்று. பதினொன்றுக்கு மறுபடியும்.

“ஹாட்பாக்ஸ் போச்சு” என்றேன்.

“அதுக்கு என்னங்க பண்றது? நீங்க வேணா கொஞ்ச நேரம் கட்டிட்டு உக்காந்திருங்க. சும்மாதான இருக்கறீங்க.”

சும்மா இருக்கிறேனாம். ஆனால் இப்படிப் பொய்க்கணக்கு காட்டுவது எனக்குப் புதிதல்ல. ஐந்து நிமிடம் தாமதமாக வந்த வண்டியை, பாவம் டிரைவருக்கு மெமோ வருமே என்று, சரியான நேரத்துக்கு வந்ததாக எழுதுவேன். அங்கே எல்லோரும் செய்வதுதான். கூட வேலை பார்ப்பவனைக் காப்பாற்றாமல் என்ன டைம் கீப்பர். கட்டிக்கொண்டேன். ஐந்தாவது ஓட்டையில் அளவெடுத்தது போல் உட்கார்ந்தது.

ஜூலை 18, வியாழன்

ரசத்தில் உப்பில்லை. சொன்னேன். “நேத்து போட்ட உப்புதானுங்க” என்றாள்.

ஜூலை 22, திங்கள்

கொஞ்ச நேரம் என்றது ஐந்து நாளாகிவிட்டது. வாட்ச் என் கையிலேயேதான் தூங்கி எழுகிறது. காலையில் முகத்தை அமுக்குவதும் பேசுவதும் சாந்தாமணி, மிச்சம் இருபத்து மூன்று மணி ஐம்பத்தெட்டு நிமிடமும் நான்.

5.15-க்கு கண்டக்டர் ஆறுச்சாமி வாசலில் நின்று “நாச்சி, வாப்பா, ஸ்டாண்டு பக்கம் போய் ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்” என்று கூப்பிட்டான். குளித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். போன வாரமும் குளித்துக்கொண்டுதான் இருந்தேன். இந்த ஊரிலேயே சுத்தமான ஆள் நான்தான் என்று அவன் நினைத்திருப்பான்.

ஸ்டாண்டுக்குப் போகாமல் இல்லை. ஜூனில் ஒரு நாள் போனேன். என் சேரில் புதுப்பையன் ஒருவன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “எந்த ஊருங்க போகோணும்?” என்றான். என்ன சொல்வதென்று தெரியாமல் “தாராபுரம்” என்று சொல்லிவிட்டேன். அவன் வண்டியைக் காட்டினான். சொன்ன பிறகு ஏறாமல் இருக்க முடியுமா? தாராபுரம் போய் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினேன். போக 1 மணி 5 நிமிடம், வர 1 மணி 12 நிமிடம். டீயில் சர்க்கரை இல்லை. இதைச் சாந்தாமணியிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. சாந்தாமணி அக்கம்பக்கத்தாரோடு அமராவதி அணைக்குப் போனாள். எனக்குக் கால்வலி என்று சொல்லிவிட்டேன். எந்தக் கால் என்று கேட்டாள், இடது என்றேன். திரும்பி வந்து கேட்டபோது வலது என்றேன் போலிருக்கிறது. என் இரண்டு காலையும் பார்த்தாள்.

11.10-லிருந்து 4.25 வரை சேரில் இருந்தேன். சுவர்க்கடிகாரம் இரண்டு நிமிடம் மெதுவாக ஓடுகிறது. ஏறிச் சரிசெய்யலாம் என்று பலமுறை நினைத்தேன். வாட்ச் 312 காலடி என்று காட்டியது. அதில் நூறு பாத்ரூமுக்கு.

கட்டித் தந்துவிட்டுப்போன புளிசாதத்தை வாசலுக்கு வந்த மாட்டுக்கு வைத்துவிட்டேன். மாடு உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலை 10.40-க்கு என் போனில் ஒரு பெண் குரல். ஆராய்ச்சியிலிருந்து வினோதினியாம். படிவத்தில் ‘நெருங்கிய உறவினர்’ என்று என் நம்பர்தான் இருக்கிறதாம்.

“சார், பயப்பட வேண்டாம். சாந்தாமணி அம்மாவோட பதிவுல சில மாற்றம் தெரியுது. ஏஐ கவனிக்கச் சொல்லியிருக்கு. அம்மா வெளியில போறது குறைஞ்சிருக்கா?”

“அதெல்லாம் இல்லம்மா. இப்பக்கூட கடைக்குத்தான் போயிருக்கறா.”

“ரொம்ப நேரம் ஒரே இடத்துல உட்கார்ந்திருக்காங்களா?”

“அவ தைக்கறவம்மா. உக்காந்துதான தைக்கோணும்.”

“குரல் பதிவு ரொம்ப உற்சாகமா இருக்கு சார். உடம்போட பதிவு நேர்மாறா இருக்கு. அதுதான் எங்களுக்கும் புரியல. கொஞ்சம் பக்கத்துல இருந்து பார்த்துக்கங்க.”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கம்ப்யூட்டர் மூளையின் சாமர்த்தியம் தெரிந்துவிட்டது. ஓய்வுபெற்ற ஆம்பிளை சேரில் உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயர் ஓய்வு. அது பாவம் பொம்பிளை என்று நினைத்துக் கவலைப்படுகிறது.

ஆகஸ்ட் 10, சனி

சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று சாந்தாமணியை நாள் முழுக்கக் கவனித்தேன். பாட்டு ஐந்து முறை. சண்டை இரண்டு, ஒன்று பால்காரரோடு, ஒன்று மின்விசிறியோடு. போனில் ஓசூரிலிருக்கும் மகள் இந்துவோடு 40 நிமிடம். சிரிப்பு கணக்கில்லை. அவளுக்கு மனச்சோர்வு என்றால் இந்த ஜில்லாவில் யாருமே தப்ப மாட்டார்கள்.

ஒன்று மட்டும் புதிதாகப் பட்டது. நான் பார்க்காதபோது அவள் என்னைப் பார்க்கிறாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஆவணி பிறந்து முகூர்த்த ஜாக்கெட் குவிந்து கிடக்கிறது. வினோதினி மறுபடி அழைத்தாள். 11.05.

“சார், ஒரு விஷயம் கேட்கணும். அம்மா தினமும் விடியக்காலம் 3.40-க்கு எழுந்துக்கறாங்களா? நாலு வாரமா ஒரே நேரம் காட்டுது. அதுக்கப்புறம் தூங்கறதே இல்ல.”

நான் கையிலிருந்த வாட்சைப் பார்த்தேன். அவள் “சார், லைன்ல இருக்கீங்களா?” என்றாள். இருக்கிறேன் என்றேன்.

“அது பழக்கமாயிருக்கும்மா. முதல் வண்டி நாலரைக்கு” என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

எனக்கே அது சரியாகப் படவில்லை. காலை ஷிப்ட் மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான். மற்ற இரண்டு வாரமும் ஏழு மணி வரை குறட்டை விட்டவன் நான். ஓய்வு பெற்ற பிறகு எந்த வண்டியை அனுப்புவதற்காக எழுந்து உட்காருகிறேன் என்று தெரியவில்லை.

சாம்பாரில் உப்பில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலை 9.00-க்கு வாட்சைக் கழற்றி டிராயரில் வைத்துப் பூட்டினேன். மாலை 6.10-க்கு மறுபடி கட்டிக்கொண்டேன். ஹாட்பாக்ஸுக்காக.

ஆகஸ்ட் 28, புதன்

வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கக் கோவைக்கு வரச்சொல்லிக் கடிதம். சாந்தாமணியின் பெயரில். ‘துணைக்கு ஒருவரை அழைத்து வரவும்’ என்று போட்டிருக்கிறது. துணைக்கு ஒருவர் நான்.

“கம்ப்யூட்டர் தப்பு பண்ணிருச்சுன்னு எழுதிப்போட்டரலாமா?” என்றேன்.

“போய்த்தான் பாப்பமேங்க. எனக்கு என்னமோன்னு அவங்களே கவலைப்படறாங்க” என்றாள். மெஷினை ஓட்டிக்கொண்டே சொன்னாள், முகம் தெரியவில்லை. உண்மையிலேயே இவளுக்கு ஏதாவது இருந்து நான்தான் கவனிக்கவில்லையோ என்று முதல்முறையாகப் பயம் வந்தது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

6.40 வண்டி. கிளம்பும்போது வாட்சைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். அவள் கட்டிக்கொண்டாள். கோவை போகும் வரை அதை முழங்கையிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டே வந்தாள்.

டாக்டர் பெயர் திலகவதி. நாற்பது வயதிருக்கும், சிரித்த முகம். மேஜை மேல் திரையில் ஒரு கோடு. ஜூலை நடுவிலிருந்து அது இறங்கிக்கொண்டே போகிறது.

“அம்மா, காலையில நீங்க பேசறதைக் கேட்டா யாரும் நம்ப மாட்டாங்க. ஆனா சிலபேர் வெளியில சிரிச்சுப் பேசிக்கிட்டே உள்ள தளர்ந்து போயிருப்பாங்க. அதான் நேர்ல பார்க்கணும்னு நினைச்சேன். விடியக்காலம் முழிப்பு வருதா?”

சாந்தாமணி சிரிப்பாள், டாக்டரம்மாவுக்கு ஜாக்கெட் அளவைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “மூணு நாப்பதுக்கு வருமுங்க” என்றாள்.

“அப்புறம்?”

“அப்புறம் தூக்கமில்லைங்க. சேர்ல போய் உக்காந்துக்கறதுங்க. லைட்டுகூடப் போடறதில்லைங்க. விடிஞ்சா ஒண்ணும் நடக்காத மாதிரி டைரி எழுதறதுங்க.”

“சாப்பாடு?”

“எதுலயும் ருசி தெரியறதில்லைங்க. சிநேகிதக்காரங்க வாசல்ல வந்து கூப்பிட்டா, குளிக்கறேன்னு சொல்லச் சொல்லிட்டு உள்ளயே இருந்துக்கறதுங்க. அமராவதிக்கு வருசாவருசம் முதல் ஆளா கிளம்பறது. இந்த வருசம் கால்வலின்னு போகலைங்க. காலு வலிக்கலைங்க.”

டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நான் சுவரைப் பார்த்தேன். ஒரு ஆளின் மூன்று மாதத்தை இன்னொரு ஆள் இவ்வளவு சரியாக, ஒரு நிமிடம்கூட அமுக்காமல் சொல்லிவிட முடியும் என்று எனக்குத் தெரியாது. நேரம் குறிக்கும் வேலை என்னுடையது என்று நினைத்திருந்தேன்.

“இது ஆரம்பம்தான் அம்மா. ஆரம்பத்துல பார்த்துட்டா சரியாயிடும்” என்று டாக்டர் மருந்துச் சீட்டை இழுத்து ‘சாந்தாமணி, வயது 54’ என்று எழுதினார்.

என் தூக்கத்துக்கு அவள் மாத்திரை விழுங்குவதா?

“அது நானுங்க” என்றேன்.

டாக்டர் நிமிர்ந்தார். “என்ன சார்?”

“வாட்சு எங்கையிலதானுங்க இருந்துது. மூணு நாப்பதுக்கு எந்திரிக்கறது நானுங்க. அவளுக்கு ஒண்ணுமில்லைங்க. அவளுக்குச் சீட்டு எழுதாதீங்க.” அறுபது வயதில், ஒரு டாக்டர் முன்னால், சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலவும் இருந்தது.

டாக்டர் அவசரப்படவில்லை. தண்ணீர் கொடுத்தார். பிறகு சாந்தாமணியின் படிவத்தைத் திரையில் திறந்து, என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மணிக்கட்டு அளவு ஏழேகால் இஞ்ச்னு எழுதியிருக்கு. உங்க கையைக் காட்டுங்கம்மா.”

சாந்தாமணி காட்டினாள். வாட்ச் முழங்கைக்கு ஓடியது.

“அஞ்சே முக்காலுங்க” என்றாள் மெதுவாக. “அவருக்குத்தான் ஏழேகாலுங்க. நேர்ல கட்டிக்கங்கன்னு சொன்னா கட்ட மாட்டாருங்க. டாக்டரைப் பாக்கலாம்னு ஜூன் மாசமே சொன்னனுங்க, எனக்கென்னன்னு சத்தம் போட்டாருங்க. எம்பேர்ல வாங்கி வெச்சா, ஹாட்பாக்ஸ் போகுதேன்னாவது கட்டுவாருன்னு நினைச்சனுங்க.”

தீபாவளிச் சட்டையின் கப் அளவு அப்போதுதான் எனக்கு விளங்கியது.

டாக்டர் அவளைக் கொஞ்சம் கண்டித்தார். ஒருவருக்குத் தெரியாமல் அவர் உடம்பை அளப்பது சரியல்ல, அந்த நாலு பக்கம் அதற்காகத்தான் இருக்கிறது என்றார். இந்தப் பதிவையெல்லாம் ஆராய்ச்சியிலிருந்து நீக்க வேண்டும் என்றார். சாந்தாமணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே காத்திருக்கச் சொன்னதும், ஹாட்பாக்ஸ் கிடைக்காதா என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

தனியாக இருந்தபோது டாக்டர், வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறதா என்று கேட்டார். அந்த அளவுக்கு இல்லை என்றேன். உண்மை. ஆனால் நான் ஏறாமலே வண்டி போய்விட்டால் யாரும் விசில் அடித்து நிறுத்த மாட்டார்கள் என்று தோன்றும் என்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. டைரியிலும் எழுதியதில்லை.

“கம்ப்யூட்டருக்கு, இந்தக் கை சரியில்லைன்னு மட்டும்தான் சார் தெரிஞ்சுது. யாரோட கைன்னு தெரியல” என்றார் டாக்டர். “உங்க வீட்டுல ஜூன்லயே தெரிஞ்சிருக்கு.”

மாத்திரை ஒன்று, இரவில். வாரம் ஒருமுறை பேச வர வேண்டும். விருப்பமிருந்தால் என் பெயரிலேயே வாட்ச் என்றார். நாலு பக்கத்தையும் விடாமல் படித்து, 12.35 என்று நேரம் போட்டுக் கையெழுத்திட்டேன்.

திரும்பும் வண்டியில் சாந்தாமணி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பல்லடம் தாண்டியதும், “கோவமாங்க?” என்றாள். கோபம்தான் என்றேன். “அப்ப எதுக்கு எங்கையப் புடிச்சிட்டிருக்கறீங்க?” என்றாள். கவனிக்கவில்லை, பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

செப்டம்பர் 5, வியாழன்

மாத்திரையால் வாய் உலர்கிறது. வேறு மாற்றமில்லை. ஒரு வாரத்தில் தெரியாது, மூன்று நாலு வாரம் ஆகும் என்று வினோதினி சொல்லியிருக்கிறாள். தாராபுரம் போனதைச் சாந்தாமணியிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஒத்தையாவா போனீங்க?” என்றாள்.

செப்டம்பர் 14, சனி

5.15-க்கு ஆறுச்சாமி வந்தான். குளிக்கவில்லை, அதனால் போக வேண்டியதாகிவிட்டது. என் சேரில் அந்தப் பையன். “எந்த ஊருங்க?” என்றான். “எந்த ஊருக்கும் இல்ல கண்ணு, டீக்கு” என்றேன். டீ சுமார்தான். முழுவதும் குடித்தேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

3.40-க்கு எழவில்லை. 5.05.

செயலி முகத்தைக் கேட்டது. இப்போது நானேதான் அமுக்க வேண்டும். முதல் முகத்தை அமுக்கினால் டாக்டரம்மா சந்தோஷப்படுவார், வினோதினியும் சந்தோஷப்படுவாள். கொஞ்சம் யோசித்தேன். பிறகு நடுவில் இருக்கும் மூன்றாவதை அமுக்கினேன். வண்டி தாமதம்தான், தாமதம் என்றே எழுதினேன். ஒரு நிமிடம் பேசவும் செய்தேன், சுவர்க்கடிகாரத்தைச் சரிசெய்ததைப் பற்றி.

சட்டை முடிந்துவிட்டது. நிஜமாகவே தைத்திருக்கிறாள். இடது கப் சரியாக இருக்கிறது, வலது பக்கத் தோள் கொஞ்சம் ஜாக்கெட் மாதிரி இருக்கிறது. சொல்லவில்லை.

மதியம் 1.20-க்குச் சாப்பிட உட்கார்ந்தேன். முதல் வாய் ரசம்சாதம் வைத்ததும், “ஏம்புள்ள, உப்பு கூடிப்போச்சே” என்றேன்.

சாந்தாமணி ஒரு சொட்டு கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். “ஆமாங்க. ரெண்டு தடவை போட்டுட்டனாட்டம் இருக்குது” என்றாள். சொல்லிவிட்டுக் கரண்டியைப் பிடித்தபடியே நின்று அழுதாள்.

இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னேன்.